நண்பகல் இருளா, நெல்லை வானமா? துருவ ஒளியை எங்கிருந்து ஆராய்வது

"துருவ ஒளியில் ஆராய்ச்சி செய்ய வேண்டும். எங்கே சேரலாம்?" என்ற கேள்வி ஆண்டுக்கு ஒரு முறையாவது என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர் பெரும்பாலும் முதுகலை இயற்பியலின் இறுதியாண்டில் இருப்பார். பனிமலைக்கு மேல் பச்சைத் திரை விரிந்த ஒரு படம் அவர் மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கும். ஆசை நல்லதுதான், அந்த ஆசை இல்லாமல் இந்தத் துறையில் ஐந்து ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் ஊரை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடுவது பெரிய தவறு. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று, புவியின் காந்தப்புலம் ஆளும் வெளியான காந்தமண்டலத்துக்குள் நுழையும் கணத்தைப் பார்க்க வேண்டுமா? நுழைந்த ஆற்றல் தேங்கி, பிறகு வெடித்து வெளியேறுவதைப் பார்க்க வேண்டுமா? அல்லது அந்த அதிர்ச்சி நிலநடுக்கோடு வரை எப்படி வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டுமா? இவற்றில் ஒன்றுக்குப் பொருத்தமான ஊர் மற்றொன்றுக்குப் பயன்படாது.

ஊர்களுக்குள் போகும் முன் ஓர் அணுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துருவ ஒளியின் பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் ஆக்சிஜன் அணுவிலிருந்து வருபவை. பச்சை 557.7 நானோமீட்டர், சிவப்பு 630.0 நானோமீட்டர். பச்சைக் கோட்டை ஆங்ஸ்ட்ராம் 1860-களிலேயே அளந்துவிட்டார். ஆனால் அது எந்தத் தனிமத்துக்குரியது என்ற கேள்விக்கு விடை கிடைக்க, மெக்லெனனும் ஷ்ரமும் 1925-இல் அதை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலிருந்து விழும் எலக்ட்ரான்கள் மோதிக் கிளர்ச்சியுற்ற அணு பச்சையை உமிழ முக்கால் விநாடிதான் எடுத்துக்கொள்கிறது. சிவப்பை உமிழ ஏறத்தாழ 110 விநாடி தேவை. 200 கி.மீ.க்குக் கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால், அந்த இரண்டு நிமிடம் முடிவதற்குள் வேறொரு மூலக்கூறு மோதி ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். ஆகவே சிவப்பு உயரத்தில் மட்டுமே பிழைக்கிறது, பச்சை 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் செழிக்கிறது. எந்த நிறம் மேலோங்குகிறது என்று பார்த்தாலே, மேலிருந்து விழும் எலக்ட்ரான்களின் வேகத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

இதே இரண்டு நிறங்களும், துருவ ஒளி எட்டாத இடங்களில்கூட ஒவ்வொரு இரவும் மிக மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. அதுதான் வானொளிர்வு. பகலில் சூரியனின் புறஊதாக் கதிர் பிரித்துவைத்த அணுக்களும் அயனிகளும் இரவில் மீண்டும் சேரும்போது விடும் ஒளி அது. பச்சை வானொளிர்வு 97 கி.மீ. அளவிலும், சிவப்பு 250 கி.மீ. அளவிலும் மெல்லிய அடுக்குகளாக நிற்கின்றன. 87 கி.மீ. உயரத்தில் ஹைட்ராக்சில் அடுக்கு ஒன்றும் உண்டு, ஆனால் அதன் ஒளி பெரும்பகுதி அகச்சிவப்பு. வானொளிர்வை முறையாக அளக்கத் தொடங்கிய ராபர்ட் ஸ்ட்ரட், அதாவது நான்காம் ராலே பிரபு, நினைவாகவே இந்த ஒளிகளின் அளவை ராலே என்ற அலகில் சொல்கிறோம். பச்சை வானொளிர்வு சில நூறு ராலே. மங்கலான துருவ ஒளி 1,000 ராலே. மிகப் பிரகாசமானது 10 லட்சத்தை எட்டும். அலகு ஒன்று, அணு ஒன்று, கருவியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். துருவ ஒளிக்கும் வானொளிர்வுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தவிக்கும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சூரியக் காற்று நுழையும் கணம்தான் உங்கள் கேள்வி என்றால், என் விடையில் தயக்கமே இல்லை. ஸ்வால்பார்டுக்குப் போங்கள்.

நார்வேக்கு வடக்கே, 78 பாகையில் இருக்கும் அந்தத் தீவுக்கூட்டத்தின் மதிப்பு அதன் நண்பகலில் இருக்கிறது. சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பும்போது, புவியின் பகல் பக்கத்தில் வடக்கு நோக்கி நிற்கும் புலத்தோடு அது எதிரெதிராகச் சந்தித்து இணைகிறது. ஜேம்ஸ் டங்கி 1961-இல் முன்வைத்த காந்த மறுஇணைப்பு இதுதான். அப்படித் திறந்த வாசல் வழியே சூரியக் காற்றின் எலக்ட்ரான்கள் நேராக வளிமண்டலத்தில் இறங்கும் இடம், காந்த அட்சரேகையில், அதாவது புவியின் காந்தத் துருவத்தை வைத்துக் கணக்கிடும் அட்சரேகையில், 75 பாகையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை. பகல் பக்கம் என்பதால் அங்கே சூரிய வெளிச்சம் இருக்கும், ஒளியைப் பார்க்கவே முடியாது. ஆனால் ஸ்வால்பார்டின் நடுக்குளிர்காலத்தில், நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு 11 பாகைக்கும் கீழே கிடக்கிறது. காந்த நண்பகல், அதாவது காந்தத் துருவக் கணக்கில் அந்த இடம் சூரியனுக்கு நேராக வரும் நேரம், அங்கே உள்ளூர் நேரம் காலை பத்து மணியளவில் வருகிறது. காலை பத்து மணிக்கு, இருண்ட வானத்தில், சூரியக் காற்று இறங்கும் வாசல் தலைக்கு மேலே இருக்கும். நிலத்தில் நின்றுகொண்டு இதைப் பார்க்கக்கூடிய, மனிதர் எளிதில் சென்றுவரக்கூடிய இடம் வட அரைக்கோளத்தில் வேறு இல்லை.

இறங்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் குறைவு, நூறு எலக்ட்ரான்வோல்ட் என்ற அளவு. அவை உயரத்திலேயே நின்றுவிடுவதால் அந்த ஒளி பெரும்பாலும் சிவப்பு. காந்தப்புலம் தெற்கே திரும்பியிருக்கும்போது, சில நிமிட இடைவெளியில் சிவப்புப் பட்டை ஒன்று தோன்றி வடக்கே நகர்ந்து மங்கும், பிறகு அடுத்தது வரும். மறுஇணைப்பு தொடர்ச்சியாக நடக்காமல் துடிப்புத் துடிப்பாக நடக்கிறது என்ற வாதத்துக்கு இந்தப் பட்டைகள் முக்கியமான சான்று. படம் எடுப்பவர்களைக் கவரும் காட்சி இதில் எதுவுமில்லை. வெறுங்கண்ணுக்குச் சாம்பல் புகைபோலத்தான் தெரியும். ஆனாலும் என்னைப் பொறுத்தவரை வானத்தில் இதைவிட ஆழமான காட்சி வேறில்லை. சூரியன் பக்கமாகப் பதினைந்து லட்சம் கி.மீ. தொலைவில் ஒரு விண்கலம் ஒரு மணி நேரத்துக்கு முன் அளந்த புலத்தின் திருப்பம், இங்கே ஒரு சிவப்புப் பட்டையாக வந்து நிற்கிறது.

கருவிகளுக்கும் குறைவில்லை. லாங்இயர்பியன் ஊருக்கு வெளியே மலைமேல் 2008-இல் திறக்கப்பட்ட ஷெல் ஹென்ரிக்சன் ஆய்வகத்தில், ஒவ்வொரு கூரையிலும் குவிமாடம் வைத்த கருவியறைகள் வரிசையாக இருக்கின்றன. அருகிலேயே, 1990-களிலிருந்து இயங்கும் ஐஸ்காட் ரேடார், காற்று அயனிகளாகப் பிரிந்து கிடக்கும் மேலடுக்கான அயனிமண்டலத்தின் அடர்த்தியையும் வெப்பநிலையையும் அளக்கிறது. ஒளியும் ரேடாரும் ஒரே வானத்தைப் பார்க்கும் இந்தச் சேர்க்கை விலைமதிப்பற்றது. இன்னும் வடக்கே நி-ஓலசுண்டில், 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது. குறைகளும் உண்டு. கதகதப்பான கடல் நீரோட்டம் தீவின் மேற்குக் கரையைத் தொடுவதால் மேகம் அதிகம். பகல்நேர இருள் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரைதான், அதிலும் நிலா ஏறியிருக்கும் நாட்களைக் கழிக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்கு எதிரான தற்காப்பு இல்லாமல் போகக்கூடாது. ஸ்வால்பார்டுக்கு விசா கேட்பதில்லை என்பதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், நார்வே வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு விசா வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்து நான்கைந்து நல்ல நாட்கள்தான் கிடைத்தன என்றால் அதுவே நியாயமான அறுவடை.

அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ், ஸ்வீடனின் கிருனா, நார்வேயின் ட்ரோம்சோ ஆகியவை வேறொரு கேள்விக்கு உரியவை. இவை, காந்தத் துருவத்தைச் சுற்றி ஒளி அடிக்கடி தோன்றும் துருவ ஒளி வளையத்தின் இரவுப் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கின்றன. பகல் பக்கத்தில் நுழைந்த ஆற்றல், புவிக்குப் பின்னால் நீண்டிருக்கும் காந்த வாலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சேர்ந்து, திடீரென்று அவிழும்போது வானம் முழுக்கத் திரைகள் வெடிக்கின்றன. இந்த நிகழ்வை 1964-இல் ஒழுங்காக விவரித்தவர் அகாசோபு, அவர் பணியாற்றியது ஃபேர்பேங்ஸில்தான். இங்கே விழும் எலக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கான எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டவை, ஆழமாக இறங்குபவை, எனவே பச்சை. படங்களில் நாம் பார்ப்பது இதைத்தான்.

இந்த ஊர்களில் வசதிக்குக் குறையே இல்லை. ஃபேர்பேங்ஸ் உள்நாட்டுப் பகுதி, குளிர் கடுமை என்றாலும் தெளிந்த இரவுகள் நிறைய. அருகிலுள்ள போக்கர் ஃப்ளாட் தளத்திலிருந்து துருவ ஒளிக்குள்ளேயே ராக்கெட் ஏவுகிறார்கள். கிருனாவில் ஸ்வீடன் விண்வெளி இயற்பியல் நிறுவனமும், 1960-களிலிருந்து எஸ்ரேஞ்ச் ஏவுதளமும் இருக்கின்றன. ஆனால் சூரியக் காற்றோடு நேரடித் தொடர்பைக் காட்ட விரும்பும் ஒருவருக்கு, இங்கே கிடைக்கும் சங்கிலி நீளமானது. நடுவில் காந்த வால் என்ற கிடங்கு இருக்கிறது. அது எப்போது நிரம்பும், எதனால் அவிழும் என்பதுதான் பல பத்தாண்டுச் சண்டை. நாசா 2007-இல் ஐந்து செயற்கைக்கோள்களை ஏவி, வட அமெரிக்கா முழுவதும் இருபது முழுவான் கேமராக்களை நிறுத்தித் தீமிஸ் திட்டத்தை நடத்தியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். தனி மாணவர் ஒரு கேமராவோடு இந்தச் சண்டைக்குள் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. பெரிய குழுவில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

அண்டார்டிகாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரைபடப் பாடம் தேவை. இந்தியாவுக்கு அங்கே இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. புவியியல் அட்சரேகையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம், 70 பாகையை ஒட்டி. காந்த அட்சரேகையிலோ பெரிய இடைவெளி. மைத்ரி துருவ ஒளி வளையத்தின் வெளி விளிம்பில் நிற்கிறது. பாரதி 75 பாகையை ஒட்டி, ஸ்வால்பார்டுக்குச் சமமான காந்த இடத்தில் இருக்கிறது. அப்படியானால் பகல் வாசலை அங்கிருந்தே பார்க்கலாமே என்று தோன்றும். முடியாது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் பாரதியின் அடிவானத்துக்கு மூன்று பாகைதான் கீழே இருக்கும். அந்த அந்தி வெளிச்சம் சிவப்பை முழுக்க மறைத்துவிடும். காந்தமானி, ரேடியோ கருவிகளுக்கு பாரதி அருமையான இடம், ஒளிக்கருவிக்கு இரவுப் பகுதி மட்டும்தான். தென்துருவத்திலேயே இருக்கும் அமெரிக்காவின் அமுண்ட்சன்-ஸ்காட் நிலையத்தில் மாதக்கணக்கில் இருபத்து நான்கு மணி நேரமும் இருள், காந்த இடமும் பொருத்தம். ஆனால் அங்கே குளிர்காலம் முழுக்க விமானப் போக்குவரத்து கிடையாது.

தெற்கே போவதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. வடக்கு, தெற்கு துருவ ஒளிகள் கண்ணாடிப் பிம்பங்கள் என்று நீண்ட காலம் கருதினார்கள். 2009-இல் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பிரகாசமான புள்ளிகள் இரு அரைக்கோளத்திலும் வெவ்வேறு இடங்களில் இருந்ததைக் காட்டினார்கள். அந்த வேறுபாடு உங்களை இழுக்கிறது என்றால் அண்டார்டிகா தவிர வழியில்லை. அதற்காக ஓராண்டுக்கு மேல் வீட்டை விட்டு இருக்க மனமும் உடலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி திருநெல்வேலி. இதைச் சொன்னதும் மாணவர்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு வருத்தம் தரும். நெல்லைக்கு அருகே, சிற்பத் தூண்களால் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நிலநடுக்கோடு அதன் மிக அருகே ஓடுகிறது. புவியின் காந்தக் கோடுகள் கிடைமட்டமாகக் கிடக்கும் அந்தப் பட்டையில், சூரியன் மறைந்ததும் அயனிமண்டலம் மேலே தூக்கப்படுகிறது. அடிப்பகுதியில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி, நூற்றுக்கணக்கான கி.மீ. உயரத்துக்கு எழும்புகின்றன. சிவப்பு வானொளிர்வில் அவை வடக்குத் தெற்காக நீண்ட கரும்பட்டைகளாகத் தெரியும், மெல்லக் கிழக்கே நகரும். செயற்கைக்கோள் வழிகாட்டிச் சமிக்ஞைகளைச் சிதைப்பவையும் இந்தக் குமிழிகளே.

இதில் சூரியக் காற்று எங்கே வருகிறது? அதன் காந்தப்புலம் திடீரெனத் தெற்கே திரும்பும்போது, துருவத்தில் எழும் மின்புலம் சில நிமிடங்களுக்குள் நிலநடுக்கோட்டுக்கு ஊடுருவிவிடுகிறது. நேரம் ஒத்துவந்தால் குமிழியைத் தூண்டும், ஒத்துவராவிட்டால் அடக்கும். பல மணி நேரம் கழித்து, துருவத்தில் சூடேறிய காற்று வீசத் தொடங்கி இன்னொரு மின்புலத்தைக் கொண்டுவருகிறது. திருநெல்வேலி காந்தமானியின் அளவிலிருந்து, மும்பைக்கு அருகே உள்ள அலிபாகின் அளவைக் கழித்தால் நிலநடுக்கோட்டுக்கு மேலே அயனிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தின் பலம் கிடைக்கும். அதை வானொளிர்வுப் படத்தோடு சேர்த்துப் படித்தால், துருவத்தில் நடந்ததை நெல்லையில் வாசிக்கலாம். இது புதுக் கதையும் அன்று. 1859 செப்டம்பரின் பெரும் காந்தப்புயலை இன்றும் அளவிட்டுப் பேச முடிகிறது என்றால், பம்பாயின் கொலாபா ஆய்வகம் காந்தப்புலத்தில் பதிவுசெய்த 1,600 நானோடெஸ்லா சரிவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

குறையை மறைக்க மாட்டேன். வானொளிர்வில் கீழிருந்து வரும் அலைகளின் பங்கும் கலந்திருக்கிறது, இடிமழையும் மலைத்தொடரும் எழுப்பும் அலைகள் 90 கி.மீ. உயரம் வரை போகின்றன. ஒரு மாற்றம் சூரியனால் வந்ததா மழைமேகத்தால் வந்ததா என்று பிரிப்பதிலேயே ஆய்வின் பாதி கழியும். அயனிமண்டலம் மிக உயரே போன இரவுகளில் சிவப்பு ஒளியும் மங்கிவிடும், அப்போது வடக்கே மகாராஷ்டிரத்தில் உள்ள கோலாப்பூரின் வானம் மேல். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேமராவைத் திறப்பதே வீண். ஆனாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, ஸ்வால்பார்டில் கனவுகூடக் காண முடியாத எண்ணிக்கையில் தெளிந்த இரவுகள் கிடைக்கும். கருவி பழுதானால் மறுநாளே போய்ச் சரிசெய்யலாம். கற்றுக்கொள்பவருக்கு இது சாதாரண வசதி அன்று. இளம் வயதில் என் ஒரு பருவத்து அளவீடுகள் பயனற்றுப் போயின. கணினிக் கடிகாரம் நாளடைவில் விலகி ஓடியதை நான் கவனிக்கவில்லை. சூரியக் காற்றோடு ஒப்பிடும் வேலையில் இரண்டு நிமிடப் பிழை என்பது முழுப் பிழை. துருவக் குளிர்காலத்தில் அந்தப் பிழையைச் செய்திருந்தால் ஓர் ஆண்டே போயிருக்கும்.

லடாக்கின் ஹான்லேயையும் பலர் கேட்கிறார்கள். 2024 மே 10-11 இரவில் அங்கே வானம் சிவந்ததைப் பார்த்து எனக்கும் நெஞ்சு நிறைந்தது. 4,500 மீட்டர் உயரம், மாசற்ற இருள். ஆனால் அந்தச் சிவப்பு பெரும் புயல்களில் மட்டுமே அவ்வளவு தெற்கே இறங்குகிறது. அன்றைய புயல் 2003 அக்டோபருக்குப் பிறகு, புயல் அளவுகோலின் உச்ச நிலையை எட்டிய முதல் புயல். ஆய்வுப் பட்டத்தை அப்படி ஓர் இரவை நம்பி வைக்கக் கூடாது.

கருவியே இல்லாமல், தரவை மட்டும் வைத்து ஆராயும் வழியும் இருக்கிறது, இன்று பலர் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சூரியனுக்கும் புவிக்கும் இடையே, புவியிலிருந்து பதினைந்து லட்சம் கி.மீ. தொலைவில், 1997-இல் ஏவப்பட்ட ஏஸ் முதல் 2024 ஜனவரியில் அங்கே சென்று சேர்ந்த நம் ஆதித்யா-எல்1 வரை, சூரியக் காற்றை அளக்கும் கலங்கள் நிற்கின்றன. பல கலங்களின் சூரியக் காற்று அளவீடுகளைச் சேர்த்துத் தரும் நாசாவின் ஓம்னி தொகுப்பு இலவசம். மேலிருந்து ஒளியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களின் தரவும் கிடைக்கிறது. செலவு இல்லை, மேகம் இல்லை. இருந்தும் இதை மட்டுமே செய்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. ஓம்னியின் ஒரு நிமிடத் தரவு, காற்று புவியை வந்தடையும் நேரத்துக்கு ஏற்கெனவே நகர்த்தப்பட்டது. அதை அறியாமல் மீண்டும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, இல்லாத தொடர்பைக் கண்டுபிடித்த கட்டுரை வரைவுகளைத் திருத்தியிருக்கிறேன். கலம் புவிக்கு நேர் முன்னால் நிற்பதும் இல்லை, பல புவி ஆரங்கள் விலகிச் சுற்றுகிறது. அங்கே அளந்த காற்று நம்மைத் தொடாமலே போகலாம். ஒரு கருவியோடு இரவு முழுக்க இருந்தவருக்கு இந்தச் சந்தேகம் தானாக வரும்.

ஆகவே, கையில் அனுபவம் இல்லாத, பெரிய குழுவின் அழைப்பும் இல்லாத ஒரு மாணவருக்கு என் தேர்வு இது: முதல் இரண்டு ஆண்டுகள் நெல்லையிலோ கோலாப்பூரிலோ வானொளிர்வும் சூரியக் காற்றுத் தரவும், அதன்பின் ஒரு டிசம்பர் ஸ்வால்பார்டில். 630.0 நானோமீட்டர் வடிகட்டி, குளிரூட்டிய கேமரா, நட்சத்திரங்களைக் கொண்டு திசை கணிக்கும் முறை, ராலே அளவுக்கு மாற்றும் கணக்கு ஆகிய அனைத்தும் இரண்டு இடத்திலும் ஒன்றே. சில நூறு ராலே ஒளியை நம்பகமாக அளக்கப் பழகிய கைக்கு, சில ஆயிரம் ராலே கொண்ட பகல்நேரச் சிவப்பு சிரமமாக இருக்காது. எதிர்த்திசையில் வந்தவர்கள் வானொளிர்வின் மங்கலில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். 2024 மே 10-க்கான சூரியக் காற்றுத் தரவை, நேரம் நகர்த்தப்படாத மூல வடிவில் எடுங்கள். அன்று இந்திய நேரம் இரவு 10.35 மணியளவில் அதிர்ச்சி அலை புவியின் காந்தப்புலத்தைத் தாக்கியது. அதே அலை கலத்தை எப்போது கடந்தது என்று வரைபடத்தில் தேடுங்கள். கலம் அளந்த வேகத்தைக் கொண்டு பயண நேரத்தை நீங்களே கணக்கிடுங்கள். உங்கள் விடைக்கும் 10.35-க்கும் எத்தனை நிமிட வித்தியாசம், அது ஏன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த ஊர் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.